எழுபத்திரண்டுக்கும் எழுபத்து மூன்றுக்கும் நடுவில் ஒரு வீடு

பிரமிளா கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு பதினேழின் வர்க்கம் இருநூற்று எண்பத்தொன்பது என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர்கள் வீட்டின் நான்கு சுவர்களும் சத்தமில்லாமல் பின்னுக்கு நகர்ந்தன. பத்துக்குப் பத்து அடியாக இருந்த கூடம் பதினேழுக்குப் பதினேழு அடியாக ஆனது. பீரோவுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் முழங்காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்த அவள் அப்பா ஏகாம்பரம், இந்தக் குடியிருப்புக்கு வந்த பிறகு முதன்முறையாக, கண்ணைத் திறக்காமலேயே இரண்டு காலையும் நீட்டினார். கால் எதிலும் இடிக்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தங்கை சுகுணா தையல் டேப்பை எடுத்து ஓரத்திலிருந்து ஓரம் வரை தரையில் தவழ்ந்து அளந்து, "பதினேழு, சரியா இருக்குக்கா" என்றாள். அம்மா கன்னியம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். காலையில் நான்கு வீடு பெருக்கித் துடைத்துவிட்டு வந்திருந்தவள், புதிதாகக் கிடைத்த அந்தத் தரையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னாடி இது, இத்தையெல்லாம் யாரு கூட்றது?" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி வியந்து பேசவில்லை. குழாயில் தண்ணீர் வராத நாளுக்கும் லிஃப்ட் ஓடாத மாதத்துக்கும் பழகிய குடும்பம், சுவர் நகர்வதற்கும் அன்று சாயங்காலத்துக்குள் பழகிக்கொண்டது. வெளியே இருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை. மஞ்சள் வண்ணம் அடித்த அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், பெனசீர் அக்கா வீட்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவில், எப்போதும் இருந்த அகலத்திலேயே அந்த வீடு இருந்தது. உள்ளே நுழைந்தால்தான் பதினேழு.

இதன் விதிகளை அவர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டார்கள். சரியான விடை எதுவோ அந்த அளவில் வீடு நிற்கும், அடுத்த சரியான விடை வரும் வரை; வர்க்கம் சொன்னால் விடை தரையின் பரப்பு, மூலம் சொன்னால் விடை சுவரின் நீளம். முப்பத்தைந்தின் வர்க்கம் கேட்டால் மூன்றை அடுத்த எண்ணான நான்கால் பெருக்கிப் பன்னிரண்டு, அதன் பின்னால் இருபத்தைந்தை ஒட்டினால் ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்து என்று பிரமிளா சொல்லி முடிப்பதற்குள் சுவர்கள் முப்பத்தைந்து அடிக்குப் போய் நிற்கும். இரண்டின் பத்தாம் அடுக்கு ஆயிரத்து இருபத்து நான்கு என்றால் முப்பத்திரண்டுக்குப் போகும். கனம் சொன்னால் கூரையும் சேர்ந்து எழும்பும். இருபத்தைந்தின் கனத்தைச் சொன்ன அன்று சுகுணா வீட்டுக்குள்ளேயே பட்டம் விட்டாள். பதினாறின் வர்க்கமூலம் நான்கு என்று பிரமிளா ஒரு தடவை யோசிக்காமல் சொல்லிவிட, நான்கு பேரும் பீரோவும் அரிசி டிரம்மும் ஒருவர் மேல் ஒருவராக நசுங்கி, "நூறு சொல்லுடி, நூறோட மூலம் சொல்லுடி" என்று அம்மா அவள் தோளுக்கடியிலிருந்து கத்தினாள். அதற்குப் பிறகு பத்துக்குக் கீழே உள்ள எண்களை அவள் மொட்டைமாடிக்குப் போய்த்தான் சொன்னாள்.

தப்பான விடை சொன்னால் கதவு இறுகிக்கொள்ளும். சொன்னவரே வாய் திறந்து, தப்பு என்று ஒத்துக்கொண்டால்தான் திறக்கும். பிளாக் சங்கத்துத் தலைவர் லூர்து அண்ணன், வீட்டைப் பார்க்க வந்த இடத்தில் தானும் ஒரு கை பார்க்கலாமென்று, பதிமூன்றின் வர்க்கம் நூற்றுத் தொண்ணூற்றாறு என்று சொல்லிவிட்டார். கதவு பிடித்துக்கொண்டது. நூற்று அறுபத்தொன்பது என்று பிரமிளா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "அது உங்க காலத்துப் பதிமூணு, நாங்க படிக்கசொல்ல வேற" என்று அவர் பிடிவாதம் பிடித்தார். பிடிவாதத்தோடேயே மதியச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டு, மீன் குழம்பு நல்லா இருக்கு என்று சொல்லி, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து, மோட்டார் போடுகிற நேரம் வந்ததும் வேறு வழியில்லாமல், "சரி, தப்புத்தான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கதவு திறந்தது.

கணக்கு என்றால் பிரமிளாவுக்குப் பயம் கிடையாது; பரீட்சை என்றால்தான் பயம். அவள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் அவள். பட்டமளிப்பு அன்று கறுப்பு அங்கியோடு எடுத்த படம் பீரோவின் மேல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ தப்பாகக் கொடுத்துவிட்ட பொருளைத் திருப்பிக் கேட்க வருவார்கள் என்று அவளுக்குத் தோன்றும். அரசு வேலைக்கான தேர்வை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கொஞ்சத்தில் தவறவிட்டிருந்தாள். இலவசப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற சார், அவள் எங்கே தவறுகிறாள் என்பதைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தார். "முழு வர்க்கமா இருந்தா போடு. இல்லன்னா கிட்டத்தட்ட ஒண்ணைப் போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போ. அங்கயே உக்காந்து புள்ளிக்கப்புறம் கடைசி வரைக்கும் தோண்டிக்கிட்டு இருந்தா நேரம் போயிடும்மா. நீ பாஸ் பண்ண வந்தியா, கிணறு வெட்ட வந்தியா?" வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்த தேர்விலும் இரண்டு மூலங்களில் மாட்டிக்கொண்டு தோண்டினாள். கிட்டத்தட்ட என்ற சொல் அவள் கையில் எழுத வராது.

அதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் எல்லோரும் முன்பு ஆற்றோரத்தில், ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள். அங்கே பிரமிளாவும் எதிர்வீட்டு மேகலாவும் கணக்குப் பழகியதே ரயிலை வைத்துத்தான். மின்சார ரயில் பாலத்தில் ஏறும்போது ஒருத்தி எண்ணைக் கத்துவாள். கடைசிப் பெட்டி பாலத்தைத் தாண்டுவதற்குள் மற்றவள் வர்க்கத்தையோ மூலத்தையோ கத்த வேண்டும். ரயில் சத்தத்தில் பாதி எண் காதில் விழாது, உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஒரு நாள் அந்த இடம் வேண்டும் என்று சொல்லி, ஆற்றோரத்தைக் காலி செய்ய ஆட்கள் வந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர், இங்கே சுமார் ஐம்பது குடும்பங்கள் இருக்கின்றன, அனைவருக்கும் ஊருக்கு வெளியே வீடு தயார் என்று அறிவித்தார். குடும்பங்கள் ஐம்பத்து மூன்று. கட்டியிருந்த வீடுகள் ஐம்பது. சுமார் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று குடும்பம் விழுந்துபோனது. அதில் ஒன்று மேகலாவின் குடும்பம். மற்ற ஐம்பது வீட்டுச் சாமானும் லாரியில் ஏறியபோது மேகலா பாலத்தடியில் சுருட்டி வைத்த பாயின் மேல் உட்கார்ந்து, போகிற லாரியைப் பார்த்து, "நாப்பத்தெட்டு!" என்று கத்தினாள். பிரமிளாவால் விடை சொல்ல முடியவில்லை. லாரி திரும்பிவிட்டது.

இப்போதும் மேகலா பாலத்தடியிலிருந்துதான் பேசுகிறாள். தினமும் வேலை முடிந்து வந்து, கைப்பேசியில் எண் சொல்வாள். பின்னால் ரயில் ஓடும் சத்தம் கேட்கும். அது ஓய்வதற்குள் பிரமிளா விடை சொல்வாள். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது பதினேழு.

வீடு பெரிதாகும் செய்தி ஒரு வாரத்தில் நான்கு மாடிக்கும் பரவியது. முதலில் வந்தது பெனசீர் அக்காதான். பக்கத்துக் கதவு அவளுடையது, பிரியாணி அண்டா வைத்துத் தொழில் செய்பவள். வாசலில் நின்று, "ப்ரமி, நாளைக்கு ஒரு முப்பது போட முடியுமா? தங்கச்சிக்கு நிக்காஹ் பேசி முடிச்சிருக்கோம், மண்டபம் கேட்டா தலைய எடுத்துடுவான் போல" என்றாள். மேசை நாற்காலி கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள். பிரமிளா முப்பதாகவே போட்டாள். கூட்டம் அதிகமாகிவிடவே, பந்தி நடுவில் யாரோ "பத்தலம்மா" என்று குரல் கொடுக்க, நாற்பத்தைந்துக்கு ஏற்றினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையோடும் பெஞ்சோடும் மெல்ல விலகிப் போனார்கள், யாருடைய ரசமும் சிந்தவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மழை நாளில் ஐந்து வீட்டுத் துணி காய்ந்தது. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டமும் ஆடிக் கூழும் அடுத்தடுத்த நாளில் நடந்தன. மூன்றாவது மாடித் தம்பதி சண்டை போட்டுக்கொண்டால், எழுபதின் வர்க்கத்தைச் சொல்லச் செய்து இந்த மூலைக்கு ஒருவரும் அந்த மூலைக்கு ஒருவருமாகப் போய் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து கத்தினால் கேட்காது என்பதால் சண்டை தானாக ஓய்ந்தது. கூட்டுவது யார் என்ற அம்மாவின் கேள்விக்கும் சங்கத்தில் விடை கிடைத்தது: பயன்படுத்துகிறவர் கூட்ட வேண்டும், ஆண்களுக்கும் முறை உண்டு. லூர்து அண்ணன் விளக்குமாற்றோடு நின்ற காட்சியைப் பார்க்கப் பக்கத்துப் பிளாக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

இது வெளியே போனது நிக்காஹ் வீடியோவால்தான். படம் எடுத்த பையன்கள் வீட்டுக்குள்ளேயே டிரோன் பறக்கவிட்டிருந்தார்கள். இரண்டாவது மாடியில் இருக்கிற ஒரு சின்ன வீட்டுக்குள் கேமரா பறந்து பறந்து போய்க்கொண்டே இருப்பதை ஊரே பார்த்தது. வீடுகளை ஒதுக்கிய அலுவலகமும் பார்த்தது.

அங்கிருந்து வந்தவர் அறவாழி என்கிற அளவை ஆய்வாளர். நாற்பது வயதிருக்கும். மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து நின்றவர்களுக்கு அவருடைய பணிவுதான் பயத்தைக் கொடுத்தது.

"தங்கச்சி, விஷயம் இதான்" என்றார். "இந்த ஒரு வீட்டுலயே எல்லாரும் அடங்குவாங்கன்னா, மத்த நாப்பத்தொன்பது வீடு எதுக்குன்னு மேல கேக்கறாங்க. திங்கக்கிழமை காலைல வரேன். எழுபத்தொண்ணோட வர்க்கம் சொல்லு. ஐயாயிரத்து நாப்பத்தொண்ணு வருது. ஐம்பது குடும்பத்துக்குத் தலைக்கு நூறு அடி போக மிச்சமே இருக்கு. நான் பக்க நீளம் அளந்து எழுதிக்கிறேன். நடுவுல தடுப்புச் சுவர் வெச்சிப் பிரிச்சிக் குடுத்துடுவோம். மீதி வீட்டை அலுவலகம் திரும்ப எடுத்துக்கும்."

"நான் பத்துதான் சொல்லுவேன்னா?" என்றாள் பிரமிளா.

"சொல்லலாம். ஆனா அப்ப, ஒதுக்கின அளவுக்கு மேல இவ்ளோ நாள் வெச்சிருந்ததா ஆயிடும். உங்க ஒதுக்கீடு ரத்து. மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல." அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணு அது, இல்ல இது. நான் ரூல்ஸைச் சொல்றேன், அவ்ளோதான்."

அவர் போனபின் வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாற்பத்தொன்பது வீடு ஒரு பக்கம். பீரோ, அரிசி டிரம், கறுப்பு அங்கிப் படம் இருக்கிற ஒரு வீடு மறு பக்கம். மூன்றாவது மாடிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பத்தே சொல்லிடட்டுமே. ஒரு வீடுதானே போவும்?"

"ஒரு வீடுதானேவா?" பெனசீர் அக்கா எழுந்து நின்றாள். "உன் சண்டைக்கு எழுவது அடி குடுத்தவ வீடுய்யா இது. போனா அவங்க நாலு பேரும் என் வீட்ல. ஆனா ஒரு வீடுதானேன்னு மட்டும் இன்னொரு தபா சொல்லாத."

ஏகாம்பரம் மீன்பாடி வண்டி மிதித்துக் காய்த்துப்போன கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எல்லோரும் போனதும், "நீ இன்னா சொல்றியோ அத சொல்லு. நாங்க கீறோம்" என்றார். பிரமிளா இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தாள். எழுபத்தொன்றும் முழு வர்க்கம் தரும் எண். பத்தும் முழு வர்க்கம் தரும் எண். இரண்டுமே சுத்தமாக முடிகிற கணக்கு. இரண்டிலும் யாராவது வெளியே நிற்கிறார்கள்.

ஞாயிறு மாலை மேகலா அழைத்தபோது பிரமிளா எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். மேகலா கேட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ரயில் ஏறியது, இறங்கியது.

"ஐம்பது பேருக்கு ஐயாயிரமா?" என்றாள் கடைசியில். அவள் குரலில் அழுகை இல்லை, வேறு ஏதோ இருந்தது. "அந்த ஆபீஸ்ல இன்னும் எண்ணக் கத்துக்கலையாடி? நாங்க மூணு வீடு இங்கதான் குந்திக்கினு கீறோம். எங்கள எந்தக் கணக்குல எழுதுவாங்களாம்?"

பிரமிளா அழுகையை நிறுத்தினாள். மேகலா கோபத்தில் கேட்ட அந்தக் கேள்வி, கேள்வியாகவே அவள் மனதில் உட்கார்ந்தது. ஐம்பத்து மூன்று குடும்பம். தலைக்கு நூறு அடி. ஐயாயிரத்து முந்நூறு. அதன் மூலம் எழுபத்திரண்டுக்கும் எழுபத்து மூன்றுக்கும் நடுவில், எந்த முழு எண்ணிலும் நிற்காமல், எங்கோ இருந்தது. பயிற்சி வகுப்பு சார் அதைப் பார்த்தால், விட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போ என்பார்.

திங்கட்கிழமை காலை அறவாழி வந்தபோது அந்த வீடு பத்துக்குப் பத்தாக இருந்தது. வாசலிலும் மாடிப்படியிலும் நடைபாதையிலுமாகப் பிளாக் முழுவதும் நின்றது. பிரமிளா தேர்வுக்குப் போகும்போது கட்டுகிற நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். அவர் கையில் ஒரு எஃகு டேப்பும், ஒளிப்புள்ளி அடித்து அளக்கும் கருவியும் இருந்தன.

"சொல்லும்மா. எழுபத்தொண்ணு."

"ஐயாயிரத்து முந்நூறோட வர்க்கமூலம்" என்று பிரமிளா சொன்னாள்.

அவர் நிமிர்ந்தார். "ஐயாயிரத்து முந்நூறா? எதுக்கு? ஐம்பது குடும்பம்தானே?"

"ஐம்பத்து மூணு சார்."

"லிஸ்ட்டுல—"

"ஐம்பத்து மூணு சார்" என்று லூர்து அண்ணன் வாசலிலிருந்து சொன்னார். பதிமூன்றின் வர்க்கத்தில் தோற்ற அந்தக் குரல் இதில் கொஞ்சமும் பிசகவில்லை. "ஐம்பத்து மூணு" என்றாள் பெனசீர் அக்கா. மூன்றாவது மாடிக்காரரும் சொன்னார். மாடிப்படி முழுக்க அது இறங்கி ஏறியது. முன்பு லாரியில் ஏறும்போது சொல்லியிருக்க வேண்டியதை, இத்தனை நாள் கழித்து, ஒவ்வொருவரும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் வாயை மூடினார்கள்.

பிரமிளா கண்ணை மூடிக்கொண்டாள். "எழுபத்திரண்டு" என்றாள். சுவர்கள் ஓடின. வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்து நிறைந்தார்கள், நிறைந்தும் இடம் இருந்தது. "புள்ளி எட்டு." சுவர்கள் இன்னும் அரையடிக்கு மேல் நகர்ந்தன. "பூஜ்யம்." சுவர்கள் அசையவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல நின்றன. "ஒண்ணு." சுண்டுவிரல் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு அசைவு. "பூஜ்யம். ஒன்பது. எட்டு. எட்டு. ஒன்பது." அவள் ஒவ்வொரு எண்ணையும் கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல நிதானமாக இழுத்து வெளியே வைத்தாள். பூஜ்யத்தைத் தவிர ஒவ்வொன்றுக்கும் சுவர் முன்னதை விடக் கொஞ்சமாக, ஆனாலும் கட்டாயமாக, நகர்ந்தது.

அறவாழி கருவியின் ஒளிப்புள்ளியை எதிர்ச்சுவரில் அடித்தார். திரையில் கடைசி இலக்கம் துடித்துக்கொண்டே இருந்தது. டேப்பைப் பிடித்து அளந்தார்; மறுமுனையைப் பிடித்திருந்த ஏகாம்பரம், "நிக்க மாட்டேங்குது சார்" என்றார்.

"எப்ப முடியும்?"

"முடியாது சார்" என்றாள் பிரமிளா. "இது முடிவு இல்லாத எண். நான் சொல்லிக்கிட்டே இருப்பேன். நான் சாப்பிடப் போனா வேற யாராவது சொல்லுவாங்க."

"அசையற சுவருக்கு நான் எப்படிம்மா பக்க நீளம் எழுதறது? அதுல தடுப்பு எப்படி வைக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது சார். நீங்க கேட்டது வீட்டோட அளவு. இதான் அளவு. ஐம்பத்து மூணு குடும்பத்துக்கு இதுல ஒரு இலக்கம் குறைச்சாலும் தப்பு."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவளருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், அண்ணன் தங்கைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "நானும் நீ எழுதற பரீட்சையை எழுதித்தான் வந்தேன். கிட்டத்தட்டன்னு ஒண்ணு இல்லைன்னா நான் பாஸே பண்ணியிருக்க மாட்டேன். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. நீயும் போட்டுட்டுப் போயிடும்மா."

பிரமிளா வேண்டாமென்று தலையசைத்தாள்.

"நீங்க போடுங்க சார். உங்களுக்குக் கை வந்தா. எனக்கு வரல."

அவர் பேனாவை எடுத்து, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "பக்க நீளம் எழுபத்து மூணு அடி" என்றார்.

கதவு சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தவில்லை, அந்த வீட்டின் கதவு எப்போதும் செய்வதுபோல மெதுவாகச் சாத்தி, இறுகிக்கொண்டது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அறவாழி போய்க் கைப்பிடியை இழுத்தார், தோளால் தள்ளினார்.

லூர்து அண்ணன் அனுபவசாலியின் கரிசனத்தோடு அவர் பக்கத்தில் போய் நின்றார். "அது அப்படித்தான் சார். நானும் இழுத்துப் பாத்தவன்தான். மீன் குழம்பு சாப்பிட்டுப் பொறுமையா யோசிங்க. ஒண்ணும் அவசரமில்ல."

அவர் சாப்பிட்டார். கன்னியம்மா அவருக்கென்று தனியாக வாழைப்பழம் வைத்தாள். அந்த நேரம் முழுக்க இலக்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிரமிளா அடுத்ததைக் கண்டுபிடித்து முணுமுணுப்பாள், பக்கத்தில் இருக்கிறவர் அதை உரக்கச் சொல்வார். இரண்டு என்றாள் பெனசீர் அக்கா. எட்டு என்றாள் சுகுணா. பூஜ்யம் என்ற முறை மூன்றாவது மாடிக்காரருக்கு வந்தது. சுவர் நகராததில் அவருக்கு வருத்தம், "எனக்கு மட்டும் இப்படித்தான்" என்றார். மேலதிகாரியிடமிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. "அளந்துக்கிட்டு இருக்கேன் சார்" என்று அறவாழி சொன்னார். அது பொய்யில்லை என்பதால் கதவு அதற்கு எதுவும் செய்யவில்லை.

வெயில் சாய்ந்தபோது அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, கதவைப் பார்க்காமல் பிரமிளாவைப் பார்த்துச் சொன்னார். "எழுபத்து மூணு தப்பு. எழுபத்திரண்டும் தப்பு. எனக்குத் தெரியல."

கதவு திறந்தது. படிவத்தில் பக்க நீளம் எழுதவேண்டிய கட்டத்தை அவர் காலியாக விட்டிருந்தார். கட்டம் காலியாக இருந்தால் அளவெடுப்பு முடியவில்லை என்று அர்த்தம்; அளவெடுப்பு முடியும் வரை அந்தக் கட்டடத்தில் யாரையும் எங்கேயும் நகர்த்த முடியாது, யாருடைய ஒதுக்கீட்டையும் ரத்துசெய்ய முடியாது. இது அவருக்கும் தெரியும், செருப்பை மாட்டிக்கொண்டே, "எப்ப முடியுதோ அப்ப சொல்லியனுப்பு தங்கச்சி" என்றார். அதைக் கேலியாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று பிரமிளாவுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அந்த வாரமே ஏகாம்பரத்தின் மீன்பாடி வண்டி ஆற்றோரத்துக்கு மூன்று நடை போய்வந்தது. முதல் நடையில் மேகலாவும் அவள் அம்மாவும் வந்தார்கள், பாலத்தடியில் சுருட்டி வைத்திருந்த அதே பாயோடு. வீட்டுக்குள் காலை வைத்த மேகலா அண்ணாந்து பார்த்தாள், சுற்றிப் பார்த்தாள். பாயைச் சுவரோரமாக விரித்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நாப்பத்தெட்டு" என்றாள்.

"இரண்டாயிரத்து முந்நூத்து நாலு" என்று சொல்ல வந்த பிரமிளா வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லியிருந்தால் வீடு நாற்பத்தெட்டுக்குச் சுருங்கி, அளவு முடிந்துபோயிருக்கும். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். பிறகு பிரமிளா மொட்டைமாடிக்கு ஓடிப்போய், அங்கே நின்று அந்த விடையை ஊருக்கே கேட்கிறமாதிரிக் கத்தினாள். லாரி போன அன்று வாங்கிய கேள்விக்கு அது விடை. அன்றிலிருந்து மொட்டைமாடிதான் அவளுடைய பயிற்சிக்கூடம் என்று ஆனது.

அடுத்த தேர்வு வந்தது. கேள்வித்தாளில், கீழ்க்கண்ட எண்ணின் வர்க்கமூலம் தோராயமாக எவ்வளவு என்று ஒரு கேள்வி இருந்தது. பிரமிளா அந்தத் தோராயமாக என்ற சொல்லை நெடுநேரம் பார்த்தாள். தோராயம் என்று தன் வாயால் ஒத்துக்கொண்டு வருகிற தோராயத்தின் மேல் அவளுக்குக் கோபமில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சுமார் ஐம்பதை அனைவரும் என்று முழுசாக்கி மூன்று வீட்டை விழுங்கியதே, அதோடுதான் அவளுக்குச் சண்டை. நெருங்கிய எண்ணைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். கிணறு வெட்ட அவளுக்கு வேறு இடம் இருந்தது.

தேர்வு எழுதிவிட்டு வந்தபோது வீட்டில் மேகலா இலக்கத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்து மூன்று வீட்டுப் பிள்ளைகளும் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "ரயில் இல்லாத ஊர்ல எதுக்குள்ளடி பதில் சொல்றது?" என்று மேகலா கேட்டாள்.

"ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் பிரமிளா, புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து. "எது வரைக்கும் வந்திருக்க?"

"ஐந்து, ஒண்ணு. அடுத்தது எட்டுன்னு நெனைக்கறேன்."

"நெனைக்கறியா, எட்டா?"

மேகலா கண்ணை மூடி இன்னொரு தடவை பெருக்கிப் பார்த்தாள். "எட்டு."

பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எட்டு என்றார்கள். நான்கு சுவர்களும், எந்தக் கருவிக்கும் தெரியாத, எந்தக் கண்ணுக்கும் தெரியாத ஒரு மயிரிழை அளவுக்குப் பின்னே நகர்ந்தன. அன்று கூட்டும் முறை கன்னியம்மாவுடையது. அவள் முணுமுணுத்துக்கொண்டே சுவரோரத்துக்குப் போய், குனிந்து, அந்த மயிரிழையையும் சேர்த்துக் கூட்டினாள்.